கட்டாரிலிருந்து வந்தவருக்கு இருமல் நிற்கவில்லையா?

லீவில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஆள் இருமிக்கொண்டிருப்பார், அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பா, "அங்கத்தை ஏசி ஒத்துக்கொள்ளேல்லை" என்று அவரும் சொல்லிக்கொண்டிருப்பார். சரி, ஏசியாகவும் இருக்கலாம். ஆனால் இருமல் இரண்டு கிழமை தாண்டினால் மூன்றாவது பாணிப் போத்தல் வாங்காமல் காசநோயா என்று சளியைச் சோதித்துப் பாருங்கள். பின்னேரக் காய்ச்சல், தலையணை நனையும் இரவு வியர்வை, பழைய காற்சட்டை இடுப்பில் நிற்காத மெலிவு இருந்தால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். சளியில் இரத்தம் கண்டால் அன்றைக்கே போங்கள்.

இந்தக் காசநோய், நம் ஆச்சிமார் சொல்லும் சயரோகம், காற்றால் தொற்றுவது. அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், ஏசிக்காக எப்போதும் பூட்டிய யன்னல். ஒருவர் இருமிய காற்றைத்தான் மற்ற ஏழு பேரும் விடிய விடிய இழுக்கிறார்கள். உள்ளே போன கிருமி வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, சீனி வருத்தம் வந்தோ உடம்பு தளர்ந்தோ பிறகு எழும்பலாம். அதனால் "போகேக்கை மெடிக்கல் பாஸ்" என்ற கதை இப்போது உதவாது. கையிலுள்ள பீசீஜி தடுப்பூசித் தழும்பையும் நம்பாதீர்கள், அது சின்னப் பிள்ளைகளைக் கடுமையான வகைகளிலிருந்து காக்கப் போட்டது.

மாவட்டத்தில் மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, சோதனையும் மருந்தும் இலவசம். இடம் தெரியாவிட்டால் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் கேட்டால் அனுப்பிவிடுவார்கள். பலர் பிழைவிடுவது சளி கொடுப்பதில்தான். காலையில் எழும்பியதும், தேத்தண்ணிக்கு முன்னம், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமிக் காறித் துப்புங்கள். டப்பாவில் தண்ணியாக நுரைத்து நின்றால் அது துப்பல், சோதனைக்கு உதவாது. தடிப்பாக ஒட்டினால்தான் சளி.

வழமையான காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அந்த மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் செய்யும் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளானாலோ சத்தி நிற்காவிட்டாலோ உடனே டொக்டரிடம் போங்கள். குடியை விடுங்கள், ஈரல் தாங்காது. பெண்கள் கருத்தடைக் குளிசை எடுத்தால் சொல்லிவிட வேண்டும், இந்த மருந்து அதன் வேலையைக் குறைத்துவிடும்.

சிக்கல் இரண்டாம் மாதத்தில் வரும். இருமல் நின்று, உடம்பு தேறி, டிக்கெட் திகதியும் கிட்டவந்துவிடும். அந்த நேரம் குளிசையை விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், பிறகு வைத்தியம் இன்னும் கஷ்டம். டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். வளைகுடா விசா மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு, லண்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்கும் காசநோய்ச் சோதனை உண்டு, மறைத்து எவ்வளவு தூரம் போவது? சுகமான பிறகும் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியலாம், ஆகவே சிகிச்சை அட்டையை பாஸ்போட்டோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டில் அவருக்குத் தனிக்கோப்பை வைத்து மனதை நோகடிக்காதீர்கள், கோப்பையால் இது தொற்றாது. மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் யன்னல் திறந்த தனி அறையும் மாஸ்க்கும் போதும். வீட்டிலுள்ள எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கிளினிக்கில் காட்ட வேண்டும், நோய் இல்லாவிட்டாலும் தேவையானவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அப்புறம், அங்கே அதே அறையில் இன்னமும் படுத்திருக்கும் அந்த ஏழு பேருக்கும் இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடச் சொல்லுங்கள்.