பாட்டாவின் பட்டாளத்துப் படம்: சீருடைச் சின்னங்களைப் படிப்பது எப்படி?

எங்கள் பாட்டாவின் பட்டாளத்துப் படம் தக்கலை வீட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருந்தது. “மதராஸ் ரெஜிமென்டு. பர்மாவுல ஜப்பான்காரன சுட்டவரு” என்பாள் ஆச்சி. நாங்களும் அதையே நம்பி வளர்ந்தோம். படத்தை ஒழுங்காகப் பார்த்தது போன வருஷம்தான். உங்கள் வீட்டிலும் அப்படியொரு படம் இருந்தால், கதையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் துணியையும் பித்தளையையும் பார்ப்போம்.

1. ஸ்கேன் செய்யுங்கள்

நம்மூர் ஈரத்தில் பழைய படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்க வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்துவிடலாம். ஒட்டவில்லை என்றால் வெளியே எடுத்துப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ இருக்கும். ஸ்கேனரின் நுணுக்க அளவை 1200 டிபிஐ வையுங்கள். தோளில் இருக்கும் எழுத்து படத்தில் அரிசி அளவுகூட இருக்காது.

மங்கிய படத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஆப்களை நம்பாதீர்கள். தெரியாத எழுத்தை அவை தாமாகவே வரைந்து வைத்துவிடும். நான் இதைவிட மோசமாக ஏமாந்தேன். ஒரு ஸ்டுடியோவில் படத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். பாட்டாவின் முகம் பளபளவென்று வந்தது, தோளில் இருந்த பித்தளை எழுத்தை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். மூலப் படமும் தொலைந்தது. நல்லவேளை, குலசேகரத்துப் பெரியம்மாவிடம் இன்னொரு பிரதி இருந்தது.

2. இடமா வலமா?

பதக்க நாடாக்கள், அதாவது பதக்கத்துக்கு அடையாளமாகக் குத்தும் வண்ணத் துணிப்பட்டைகள், இடது மார்பில் இருக்க வேண்டும். வலதில் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். சட்டையைப் பாருங்கள்: ஆண்கள் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.

3. கிரீடமா சிங்கமா?

பதவியைத் தேடுமுன் காலத்தைப் பிடியுங்கள். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானதும் சின்னங்களிலிருந்து கிரீடம் போய் அசோகரின் சிங்கத் தலை வந்தது. ‘ராயல்’ என்ற அடைமொழியும் போனது. அதிகாரியின் தோள் நட்சத்திரமும் மாறியது. அதற்கு முன் சாய்த்து வைத்த சதுரம் போல இருக்கும், பிறகு ஐந்து முனை. கடற்படைத் தொப்பி நாடாவில் எச்.எம்.ஐ.எஸ். என்றிருந்தால் பழசு, ஐ.என்.எஸ். என்றால் குடியரசுக் காலம்.

4. எந்த யானை?

நம் கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் வழுக்கி விழும் இடம் இது. மதராஸ் ரெஜிமென்டின் சின்னம் ஒற்றை யானை. 1803 அசாயே போரின் நினைவு. கேடயத்தின் மேல் யானை, குறுக்காக இரண்டு வாள். ஆனால் 1956 நவம்பர் 1 வரை நாம் தமிழ்நாட்டிலேயே இல்லையே! நம்மை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் சின்னத்திலும் யானை உண்டு, நடுவில் சங்கு, இருபுறமும் யானை. ஆகவே யானையைப் பார்த்ததும் மதராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனுக்கு ஓடாதீர்கள், சங்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சமஸ்தானப் படையாக இருக்கலாம். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: திருவிதாங்கூர் நாயர் காலாட்படையின் இரண்டு பட்டாலியன்களும் பின்னால் மதராஸ் ரெஜிமென்டிலேயே 9, 16 என்ற எண்களில் சேர்ந்தன.

பாயும் புலி தெரிந்தால் அது வேறு கதை. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் படையின் சின்னம் அது.

5. தோளும் கையும்

தோள்பட்டை நுனியில் வளைந்த பித்தளை எழுத்து இருக்கும். படைப்பிரிவைச் சொல்வது அதுதான், தொப்பியைவிட நம்பகமானது. மேல்கையில் ஆங்கில ‘வி’ போன்ற பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். முன்கையில் சின்னதாக இருப்பது பதவி அல்ல, சேவைக்காலத்துக்கோ நன்னடத்தைக்கோ கொடுத்தது. தோளில் இரண்டு நட்சத்திரம் என்றதும் லெப்டினன்ட் என்று குதிக்க வேண்டாம். கீழே குறுக்காக நாடா இருந்தால் அவர் சுபேதார்.

6. நாடாக்கள்

கறுப்பு வெள்ளையில் நிறத்தை நம்ப முடியாது. சில பழைய பிலிம்களில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். அதனால் கோடுகளின் அகலத்தையும் வரிசையையும் பாருங்கள். மூன்று சமப் பட்டைகள் என்றால் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கமான 1939–45 ஸ்டாராக இருக்கலாம். பர்மாப் போர்முனைக்கான பர்மா ஸ்டார் பதக்கத்தின் நாடாவில் நடுவே அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பர்மா ஸ்டார் உருவானதே 1945-ல்தான். ஆகவே அது இருக்கும் படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது.

7. இனி காகிதம்

இப்போது மச்சில் ஏறி டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் காகிதம், பதக்கம் எல்லாவற்றையும் இறக்குங்கள். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். எண் கிடைத்துவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், எந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது என்று வழி சொல்வார்கள்.

பெரியம்மா வீட்டுப் படத்தில் பாட்டாவின் தோளில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றிருந்தது. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், சாப்பாடும் பெட்ரோலும் சுமக்கும் பிரிவு. மார்பில் பர்மா ஸ்டார் நாடாவும் இருந்தது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் தொழில் என்ற இடத்தில் ‘டிரைவர்’. ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதான் ராத்திரி ஒறக்கத்துல காலால பிரேக்கு சவுட்டுவாரு” என்றாள்.