ஆன்லைனில் வாங்கிய பழைய போன், லேப்டாப் பழுதா? திருப்பிக் கொடுக்கும் வழி

பழுது தெரிந்ததும் முதலில் செய்யக்கூடாத காரியம், தெருமுனை சர்வீஸ் கடையில் கொடுத்துத் திறந்து பார்ப்பது. பெரம்பூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்க்ரூ மேல் ஒட்டிய சீல் கிழிந்தாலோ, போனின் பின்மூடிப் பசை விட்டாலோ, "நீங்கதான் பார்ட்ஸ் மாத்திட்டீங்க" என்று விற்றவர் சொல்ல அதுவே போதும். திறக்காமலே எவ்வளவு காட்ட முடியுமோ அவ்வளவையும் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி: விற்றவர் யார்? ஷாப்பிங் தளத்தில் 'ரினியூடு', 'ரீஃபர்பிஷ்டு' (சரிசெய்து மறுபடி விற்கும் பழைய பொருள்) என்று பில்லோடு வாங்கியிருந்தால் வழி சுலபம். ரிட்டர்னுக்கு எத்தனை நாள் என்று ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கெடுவுக்குள் கோரிக்கை பதிவாகிவிட வேண்டும். "கடைக்காரர் பேசி முடிக்கிறேன்னார்" என்று காத்திருந்து நாளைத் தாண்ட விடாதீர்கள். ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி இடங்களில் விளம்பரம் பார்த்து, நேரில் போய் ஜிபே செய்து வாங்கியிருந்தால், பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் விற்ற ஆள்தான்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சொந்தப் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. தொழிலாக, தொடர்ந்து விற்பவருக்குப் பொருந்தும். அதனால் விற்றவரின் புரொஃபைலைத் திறந்து, அவர் போட்டிருக்கும் மற்ற விளம்பரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரே ஆள் பத்துப் போன் விற்கிறார் என்றால் அவர் வியாபாரி. அவர் பெயருக்கு 'பர்சனல் யூஸ்' என்று போட்டுக்கொள்வதால் மட்டும் தனிநபராகிவிட மாட்டார். மார்க்கெட்பிளேஸ் வழியாக விற்கும் வியாபாரி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. 'நோ ரிட்டர்ன்' என்று விளம்பரத்தில் எழுதிவிட்டால் இது போய்விடாது.

விளம்பரத்தையும் இப்போதே முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தகராறு என்று வாசனை வந்ததும் முதலில் காணாமல் போவது அதுதான்.

இனி ஆதாரம். 'வேலை செய்யல' என்பது புகாரே அல்ல. என்ன செய்தால் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். வீடியோவை *#06# போட்டு ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) திரையில் தெரிவதிலிருந்து தொடங்கி, நடுவில் வெட்டாமல், பழுது தெரியும் வரை ஓடவிடுங்கள். லேப்டாப் என்றால் அடிப்பக்க சீரியல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் தாங்கிய அளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது தாங்கும் அளவு) 24,000 என்று இருந்தால் பேட்டரி பாதிக்கு மேல் போய்விட்டது. வாதமே வேண்டாம், அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பலாம். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். ஐபோனில் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' என்ற பகுதியில், மாற்றப்பட்ட பேட்டரியும் டிஸ்ப்ளேயும் தெரியும்.

வடசென்னையில் தனியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீரும் உப்பும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் சார்ஜிங் போர்ட்டின் உள்ளே பச்சை பூத்துவிடும். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி பக்கம் 2023 மிக்ஜாம் புயலில் போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், நனைந்த சாமானைக் காயவைத்து விற்பவர்களும் இருக்கவே செய்வார்கள். நனைந்த போர்டு காய்ந்ததும் ஓடும், பிறகு மெல்ல அரித்துக்கொண்டே போய் ஒருநாள் படுத்துவிடும். அப்போது பொருளை வாங்கியவர் மேல்தான் பழி விழும். ஆகவே பொருள் கைக்கு வந்த அன்றே சிம் டிரேயை வெளியே எடுத்து, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பல போன்களில் அங்கே வெள்ளையாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். சார்ஜிங் போர்ட்டையும் அதேபோல. தேதியோடு இந்த இரண்டு படமும் இருந்தால் "நீங்கதான் தண்ணில போட்டீங்க" என்ற பேச்சு எடுபடாது.

புகாரைத் தளத்துக்குள்ளேயே எழுதுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். இப்படி இருந்தால் போதும்: "12-ம் தேதி டெலிவரி ஆனது. 80 சதவீதம் சார்ஜில் வீடியோ ஓடவிட்டால் 10 நிமிடத்தில் தானாக அணைகிறது. வீடியோ இணைத்திருக்கிறேன். விளம்பரத்தில் பேட்டரி நல்ல நிலை என்று உள்ளது. பொருளைத் திறக்கவில்லை. முழுப் பணம் வேண்டும், மாற்றுப் பொருள் வேண்டாம்." தனிநபர் என்றால் சண்டையில் தொடங்க வேண்டாம். "அண்ணா, ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட வாங்கின போன்ல ஸ்பீக்கர் சத்தமே வரல. எல்லாம் ஓகேன்னு போட்டிருந்தீங்க. போனைத் திறக்கல, அப்படியே இருக்கு. எப்போ வந்து குடுக்கட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "ஆமா தம்பி, அது முன்னாடியே லேசா இருந்துச்சு" என்று பதில் வந்தால், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. விளம்பரத்தில் சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும் என்பது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி தனிநபர் விற்பனைக்கும் உண்டு. திருப்பிக் கொடுக்கப் போகும்போது வீட்டுக்குப் போகாதீர்கள். வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசல் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடம் நல்லது. பணம் கணக்கில் ஏறிய பிறகே பொருளைக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் டேட்டாவை பேக்கப் எடுத்து, கூகுள் கணக்கையும் ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' என்ற, தொலைந்த போனைத் தேடும் வசதியையும் எடுத்துவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் போன் உங்கள் கணக்கில் பூட்டிக்கொள்ளும். அதைக் காரணம் காட்டியே ரிட்டர்னை நிராகரிப்பார்கள். சிம், மெமரி கார்டு, இ-சிம் மூன்றையும் எடுங்கள். சார்ஜர், டப்பா, இலவசமாக வந்த கவர் வரை எல்லாம் திரும்பப் போக வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. புகாரிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், சாதாரண கூரியரில் அனுப்பக்கூடிய சரக்கல்ல அது.

பேக் செய்வதையும் வெட்டாமல் வீடியோ எடுங்கள். பிக்கப் தம்பி ஐஎம்இஐ சரிபார்த்து, ரசீதோ மெசேஜோ வந்த பிறகே பார்சல் கைமாறட்டும். பணம் திரும்பத் தர கியூஆர் கோட் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்க யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. போட்டுவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

போன் திருட்டுப் போனோ என்ற சந்தேகம் இருந்தால், கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட் என்று வந்தால் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் பில், சாட் எல்லாவற்றோடும் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

தளம் இழுத்தடித்தால் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் குர்கானில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட், புகார் எண்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். வீடியோக்களைப் பணம் கணக்கில் ஏறும் வரை அழிக்காதீர்கள்.