நம் தெருவின் கரண்ட் தேவையை 3டி மாடலில் கணக்கிடுவது எப்படி

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறவள். போன கோடையில் எங்கள் தெருவின் 38 வீடுகளையும் கம்ப்யூட்டரில் பெட்டிகளாக எழுப்பி, எந்த வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரைபடம் போடும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும்.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நாடு முழுவதற்கும் இப்படிப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. கூரைச் சரிவு வரை காட்டினால் அதை எல்ஓடி 2 என்பார்கள். வெறும் பெட்டி என்றால் எல்ஓடி 1. நம் ஊரில் பெரும்பாலும் மொட்டை மாடிதான், அதனால் பெட்டியே போதும்.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ பின்னணியில் வைத்து ஒவ்வொரு வீட்டின் வெளிக்கோட்டையும் வரையுங்கள். தொடங்கும் முன்பே டிகிரியில் அல்லாமல் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற அளவு முறைக்கு மாற்றிவிட வேண்டும். நான் மறந்துவிட்டேன். எல்லா வீட்டின் பரப்பும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்றே வந்து, ஒரு மத்தியானம் வீணானது. ஒட்டி நிற்கும் வீடுகளை வரையும்போது கோட்டைப் பக்கத்துக் கோட்டோடு ஒட்டவைக்கும் ‘ஸ்நாப்பிங்’ போட்டுக்கொள்ளுங்கள். இடையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் கணக்கு அந்தப் பொதுச் சுவரை வெயிலில் நிற்கும் சுவராக எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் இதனால் பெரிய சேதமில்லை, கோசப்பேட்டை போல நெருக்கமாகக் கட்டிய தெருவில் வரைந்தால் மொத்தக் கணக்கும் கெடும்.

உயரத்துக்குத் தளங்களின் எண்ணிக்கையைப் பத்தடியால், அதாவது மூன்று மீட்டரால், பெருக்கினால் போதும். மாடிப்படிக்கு மேலே இருக்கும் ஹெட்ரூமையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரு மாடியாக எண்ணிவிடாதீர்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அவை ஏமாற்றும், தெருவில் நடந்து பார்ப்பதே நல்லது. அப்புறம் 3டி காட்சியைத் திறந்து உயரத்தைக் கொடுத்தால் தெரு எழுந்து நிற்கும்.

இனி வெப்பம். கூரையின் பரப்பு, யூ மதிப்பு, வெளியே உள்ளே வெப்ப வித்தியாசம், மூன்றையும் பெருக்க வேண்டும். யூ மதிப்பு என்பது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது. கான்கிரீட் ஸ்லாபுக்கு 3, பூசிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவருக்கு 2 என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கூரை 54 சதுர மீட்டர். வெயில் காயும் மேல்தளத்துக்கும் அறைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 3,240 வாட். இப்படி ஏழு மணி நேரம் ஏறினால் கிட்டத்தட்ட 23 யூனிட் அளவு வெப்பம். ஸ்லாப் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே இறக்கும், மேல்மாடியில் படுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் கரண்டில் ஏசி மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏழரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 450.

நிஜ பில் அப்படி வரவில்லை. ஜனவரி–பிப்ரவரி ரீடிங்கை மே–ஜூனிலிருந்து கழித்தேன், 170 யூனிட்தான் கூடியிருந்தது. வெளிநாட்டுக் கணக்கு முறைகள் குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்குவதை வைத்து எழுந்தவை. நாமோ ஒரு படுக்கையறையில் மட்டும் ஏசி போட்டு, குடும்பமே பாயை விரித்துப் படுக்கிறோம். அந்த அறை 12 சதுர மீட்டர். அதற்கு மட்டும் போட்டால் கூரை வழியாக 100 யூனிட், சுவரும் ஜன்னலும் 50, ஆக 150. மிச்சம் 20 ஃபேன் கூடுதலாக ஓடியது. ஆக, பெட்டியின் கன அளவை நம்பாதீர்கள். வெளியே தொங்கும் ஏசி யூனிட்டுகளை எண்ணி வீடுகளின் அட்டவணையில் தனியாக ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள், என் அனுபவத்தில் மாடலிலேயே அதிகம் உதவியது அந்தப் பத்திதான். மீட்டர்களையும் எண்ணுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்று குடித்தனம் இருந்தால் இலவச யூனிட்டும் மூன்று பேருக்குத் தனித்தனி.

திசை விஷயத்திலும் வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. அங்கே தெற்கு ஜன்னல்தான் பெரிய பேச்சு. வேலூர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆகஸ்ட் நடுவாக்கு வரை உச்சிக்குச் சற்று வடக்கே. கத்திரி வெயிலில் தெற்குச் சுவர் தப்பித்துவிடும், கூரையும் மேற்குச் சுவரும்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். கீழ்த்தளத்துக் குடித்தனத்துக்குக் கூரைக் கணக்கே போடக் கூடாது.

எதிர்வீட்டுக் கணக்கு மட்டும் கடைசி வரை உதைத்தது. அதே அளவு கூரை, அதே ஒரு ஏசி, பில் மட்டும் குறைவு. மாடியில் ஏறிப் பார்த்தால் முழுக்கத் தகரக் கொட்டகை, ஸ்லாபில் வெயிலே படவில்லை. “துணி காயப் போடத்தான்டி போட்டோம்” என்றார் அந்த வீட்டு அக்கா. கொட்டகைக்கும் ஒரு பத்தி சேர்த்து, அங்கெல்லாம் வெப்ப வித்தியாசத்தைப் பாதியாக்கினேன். கணக்கு பில்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.