லிங்க் போய்ச் சேர்ந்தது, விஷயம் போய்ச் சேரவில்லை: வீடியோ, பாட்காஸ்ட், கேம் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் தங்கைக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். கூடவே நான் எழுதியது இரண்டே சொல்: "செமையா இருக்கு." வீடியோவின் நீளம் 1 மணி 40 நிமிடம். இரண்டு நாள் கழித்து, "பார்த்தியா?" என்று கேட்டேன்.

"ம், பார்த்தேன். நல்லாதான் இருந்துச்சு."

"அந்தப் பழைய கடிகாரத்தைப் பிரிச்சு மாட்டுற இடம் எப்படி?"

"எந்தக் கடிகாரம்ண்ணா?"

முதல் பத்து நிமிடத்தோடு மூடிவிட்டிருக்கிறாள். நான் சொக்கிப்போன இடம் 52-ஆவது நிமிடத்தில் ஆரம்பித்து நான்கே நிமிடம் ஓடுகிறது. அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லாமல், "அண்ணன் மனசு நோகக்கூடாது" என்று ஒரு பொய்யையும் அவளைச் சொல்ல வைத்துவிட்டேன்.

பகிர்வதில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. நம் திரையில் தெரிவதுதான் எதிரில் இருப்பவர் திரையிலும் தெரியும், நமக்கு இருக்கும் நேரமும் மனநிலையும் அவருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மனநிலை மட்டுமல்ல, பல நேரம் அந்த லிங்க்கே நமக்குத் திறப்பது போல அவருக்குத் திறப்பதில்லை.

மொட்டை லிங்க்

மொட்டைக் கடுதாசி போல மொட்டை லிங்க். ஒரு சொல்லும் இல்லாமல் வந்து விழும். வைரஸா, விளம்பரமா, தவறுதலாக அனுப்பியதா என்று யோசித்தே பாதிப் பேர் தொடாமல் விட்டுவிடுவார்கள். "அட்டகாசம்", "மிஸ் பண்ணிடாதே" என்று எழுதுவதும் மொட்டைக்குத் தொப்பி போட்டது மாதிரிதான், தகவல் ஒன்றும் இல்லை. அது என்ன, எவ்வளவு நேரம், எங்கிருந்து பார்க்க வேண்டும், உனக்கு ஏன் அனுப்புகிறேன் என்பதைச் சொன்னால் போதும். "பழைய கடிகாரம் ஒண்ணை ஒருத்தர் பிரிச்சு மாட்டுறார், 52-ஆவது நிமிஷத்திலேருந்து நாலு நிமிஷம் பாரு, நீ தையல் மிஷினைப் பிரிச்ச ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தால் அவள் பார்த்திருப்பாள். கடைசி வாக்கியத்துக்காகவே பார்த்திருப்பாள்.

அளவுக்கு மீறிப் புகழ்வது எதிர்ப்பக்கத் தவறு. "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்" என்று சொல்லி அனுப்பினால், சாதாரணமாகச் சிரித்திருக்க வேண்டியவர்கூட முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்ப்பார்.

நேரத்தை லிங்க்கிலேயே வைத்து அனுப்ப முடியும் என்பது இன்னும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கணினியில் யூடியூப் ஓடும்போது வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தோடு லிங்க்கை காப்பி செய்ய ஒரு வழி வரும். கையாலும் சேர்க்கலாம். 'டைம்' என்பதன் முதல் எழுத்தான ஆங்கிலச் சின்ன எழுத்து 'டி' (t), ஒரு சமக்குறி, பிறகு விநாடிக் கணக்கு. 12 நிமிடம் 34 விநாடி என்றால் 754. லிங்க்கில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால் இதற்கு முன்னால் '&' போடுங்கள், இல்லையென்றால் '?' போடுங்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை நீங்களே தட்டிப் பாருங்கள்.

லிங்க்குக்குப் பின்னால் தொங்கும் வால்

ஷேர் பட்டனை அழுத்தி எடுத்த லிங்க்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு ஒரு வால் நீண்டிருக்கும். யூடியூப் ஷேர் லிங்க்கில் 'எஸ்ஐ' என்று தொடங்கும், ஃபேஸ்புக் வழியாக வந்த லிங்க்கில் 'எஃப்பிகிளிட்' (fbclid). செய்திமடல்களிலிருந்து எடுத்ததில் 'யூடிஎம்' இருக்கும். இந்த யூடிஎம், 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. யார், எங்கிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்று கணக்கு வைப்பதுதான் இவற்றின் வேலை. இவை இல்லாமலே வீடியோ ஓடும். சில குறும்வீடியோ ஆப்களில் இந்த வால், அனுப்பியவர் யார் என்பதையே திறப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும். பொதுவில் ஒட்டும்போது உங்கள் கணக்கு யாருக்கோ தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

வெட்டிவிடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். "கேள்விக்குறிக்குப் பின்னாடி எல்லாம் குப்பை" என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூப்பின் நீளமான லிங்க்கில், வீடியோவின் 11 எழுத்து அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால் 'வி' சமக்குறிக்கு அடுத்துத்தான் வருகிறது. அதையும் சேர்த்து வெட்டினால் எதிராளிக்கு யூடியூப் வரும், வீடியோ வராது. அதே லிங்க்கில் 'லிஸ்ட்' என்று ஒன்று தெரிந்தால் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பிளேலிஸ்ட் ஓடும்போது முகவரிப் பட்டையிலிருந்து நேராக காப்பி செய்தால் வருவது அது. நீங்கள் அனுப்ப நினைத்தது ஒரு வீடியோ, அவருக்குப் போவது அதைத் தொடர்ந்து வரிசையாக ஓடும் நூறு.

டவுன்லோடு செய்து அனுப்புவது

"லிங்க் வேலை செய்யாட்டி என்ன, ஃபைலாவே அனுப்பிடறேன்" என்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தயாரித்தவருக்கு அதனால் ஒரு பார்வைகூடச் சேராது. யூடியூப்பில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை (குறும்வீடியோக்களுக்கு வேறு கணக்கு). சின்ன சேனல் நடத்துகிறவர் அந்த 4,000 மணியை எண்ணிக்கொண்டிருப்பார். நீங்கள் ரசித்துப் பத்துக் குழுவுக்கு அனுப்பிய ஃபைல் அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது.

இன்னொரு பிரச்சினை, ஃபைலுக்குப் பெயரும் ஊரும் தேதியும் கிடையாது. ஏழு வருடத்துக்கு முந்தைய வெள்ளம் இன்றைய வெள்ளமாகிவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்பு தெரிந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்தது. அந்த இரட்டை அம்பைப் பார்த்தாலே நான் கையைக் கட்டிக்கொள்வேன். லிங்க்காக இருந்தால் குறைந்தபட்சம் எப்போது ஏற்றினார்கள் என்றாவது தெரியும். அதுவும் ஏற்றிய தேதிதான், எடுத்த தேதி அல்ல.

யூடியூப்பில் 'அன்லிஸ்டட்' என்று ஒரு வகை உண்டு. தேடினால் கிடைக்காது, லிங்க் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பார்க்கலாம். ஒருவர் அப்படி வைத்திருந்தால் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார் என்று பொருள். கேட்காமல் பெரிய குழுவில் போடாதீர்கள். 'பிரைவேட்' என்பது வேறு. ஏற்றியவரும், அவர் பெயர் சொல்லி அழைத்தவர்களும் மட்டுமே பார்க்க முடியும், லிங்க் இருந்தாலும் மற்றவர்களுக்குத் திறக்காது.

பாட்காஸ்டில்தான் சிக்கல் அதிகம்

வீடியோவைப் பகிர்வது பழகிவிட்டது. பாட்காஸ்டில் அனுபவசாலிகளும் வழுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஆப். நீங்கள் ஒரு ஆப்பில் கேட்கிறீர்கள், லிங்க்கும் அந்த ஆப்புக்கே போகிறது. எதிரில் இருப்பவரிடம் அந்த ஆப் இல்லையென்றால் "இன்ஸ்டால் செய்யுங்கள், கணக்கு திறங்கள்" என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். அதோடு ஆர்வம் போய்விடும். ஆப்கள் சாகவும் செய்கின்றன. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. அதன் வழியாகப் பல ஆண்டுகளாக நான் அனுப்பிய லிங்க்குகள் எல்லாம் இன்று சுவரில் போய் முட்டுகின்றன. நிகழ்ச்சிகளோ உயிரோடுதான் இருக்கின்றன.

பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிய எபிசோடுகளை ஆப்களுக்குத் தெரிவிக்கும் ஒரு பட்டியல். ஒரே ஓடையை எந்த ஆப்பும் படித்துக்கொள்ளும். (ஒரு தளத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டவை விதிவிலக்கு.) ஆகவே லிங்க்கோடு நிகழ்ச்சியின் பெயர், எபிசோடின் தலைப்பு, வெளியான தேதி மூன்றையும் எழுத்தில் போட்டுவிடுங்கள். லிங்க் செத்தாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரக்குறி. வீடியோவுக்கு நான் மேலே சொன்ன யோசனை இங்கே காலை வாரிவிடும். பல பாட்காஸ்ட்களில் விளம்பரங்களை ஒவ்வொருவர் டவுன்லோடு செய்யும்போதும் தனித்தனியாகச் செருகுகிறார்கள். உங்களுக்கு 30 விநாடி விளம்பரம், அவருக்கு மூன்று நிமிடம், இன்னொரு நாட்டில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் "23:10-லிருந்து கேள்" என்று துல்லியமாகச் சொல்வீர்கள், அங்கே அவருக்கு மெத்தை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நேரத்தோடு ஒரு அடையாளமும் சொல்லுங்கள்: "சுமார் 23 நிமிஷம், அவர் முதல் வேலையை விட்ட கதையை ஆரம்பிக்கும் இடம்." முன்னே பின்னே தள்ளிக் கண்டுபிடித்துவிடுவார்.

நீளம் சொல்லும்போதும் ஒரு சின்ன ஏமாற்று நடக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் 40 நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டு, "40 நிமிஷம்தான்" என்பார்கள். சாதாரண வேகத்தில் அது ஒரு மணி நேரம். வேகமாகக் கேட்கிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

பணம் கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளில் உங்களுக்கென்று ஒரு தனி ஓடை முகவரி தருவார்கள். அது பார்ப்பதற்குச் சாதாரண லிங்க் போலத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் வீட்டுச் சாவி. குழுவில் ஒட்டினால் எல்லோரும் உங்கள் சந்தாவில் கேட்பார்கள், தெரிந்தால் உங்கள் கணக்கு முடங்கும். இலவச எபிசோடின் பொது லிங்க்கைத் தேடி அனுப்புங்கள்.

"முதல் எபிசோடிலிருந்து ஆரம்பி" என்று சொல்வது என் கணக்கில் பெரிய தவறு. முதல் எபிசோடுகள் பெரும்பாலும் தடுமாற்றமாகத்தான் இருக்கும், மைக்கும் சரியிருக்காது. தொடர்கதையாக இல்லாவிட்டால், தனியாகக் கேட்டாலும் புரியும் ஒரே ஒரு எபிசோடைத் தேர்ந்து கொடுங்கள். 200 எபிசோடு உள்ள நிகழ்ச்சியின் முகப்பு லிங்க்கை அனுப்புவது, நூலகத்தின் முகவரியைக் கொடுத்து "நல்ல புத்தகம் இருக்கு, படி" என்பது போல.

கேம் லிங்க்குகள்

"ஓய்வு நேரத்தில் விளையாட 25 கேம்கள்" என்று ஒரு பழைய பட்டியல் அவ்வப்போது சுற்றி வரும். அதில் பாதி, ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் ஓடும் கேம்களாக இருக்கும். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தும்விட்டது. இன்று ஒரு பக்கம் "ஃபிளாஷ் பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று கேட்டால், அந்தப் பக்கத்தை மூடுவதுதான் சரி. பழைய கேம் மேல் ஆசை இருந்தால், ரஃபிள் என்ற எமுலேட்டர் (ஃபிளாஷ் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாக இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் நிறைய ஓடுகின்றன. அந்த லிங்க்கை அனுப்புங்கள்.

நகல் தளங்கள் இன்னொரு தொல்லை. காப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் 2014 மார்ச்சில், எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் 2048 கேமை வெளியிட்டபோது அதன் நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே வைத்தார். ஆயிரக்கணக்கில் நகல் முளைத்தது. அதில் தப்பில்லை, ஆனால் சில நகல்களில் கட்டத்தை விட விளம்பரம் பெரிதாக இருக்கும். தேடலில் முதலில் வருவதை அப்படியே ஒட்டாமல், உருவாக்கியவரின் பக்கம் எது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

அடுத்தது நான் பட்டது. தினம் ஒரு புதிர் போடும் கேம் ஒன்றில் எனக்கு 80 நாளுக்கு மேல் தொடர் வெற்றி இருந்தது. ஒரு நாள், நண்பன் சமூக ஊடகத்தில் போட்டிருந்த அதே கேமின் லிங்க்கைத் தட்டினேன். கணக்கு பூஜ்யம். மயக்கமே வந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்: கணக்கு திறக்காமல் ஆடும் கேம்கள் உங்கள் முன்னேற்றத்தை அந்த பிரௌசருக்குள்ளேயே சேமிக்கின்றன. பல ஆப்கள் லிங்க்கைத் தங்கள் உள் பிரௌசரில் திறக்கும், அதற்குத் தனிச் சேமிப்பு. என் 80 நாள் வழக்கமான பிரௌசரில் பத்திரமாக இருந்தது. பகிரும்போது "குரோமிலோ சஃபாரியிலோ திறந்து ஆடு" என்று ஒரு வரி சேர்த்தால் புதியவருக்கு இந்தப் பதற்றம் இருக்காது. இன்காக்னிட்டோவில் ஆடினால் மூடியவுடன் எல்லாம் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விடையை உடைப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தினம் ஒரு ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் கேமை உருவாக்கிய ஜோஷ் வார்டில், 2021 டிசம்பரில் வண்ணக் கட்டங்களாகப் பகிரும் வசதியைச் சேர்த்தார். எத்தனை முயற்சியில், எப்படித் தட்டுத்தடுமாறி வந்தோம் என்பது தெரியும், சொல் தெரியாது. அந்த நாகரிகத்தைக் கெடுக்கும் விதமாக "இன்னிக்கு சொல் பறவை பத்தினது" என்று கீழே ஒருவர் எழுதுவார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், இங்கே இன்னும் ஆடியிருக்க மாட்டோம், ஏனென்றால் புதிய சொல் அவரவர் ஊர் நள்ளிரவில்தான் மாறுகிறது. பார்வையற்ற நண்பர்கள் உள்ள குழுவில் அந்தக் கட்டங்களும் தொல்லைதான். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு கட்டத்தையும் "பச்சைச் சதுரம், மஞ்சள் சதுரம்" என்று வரிசையாக வாசித்துக்கொண்டே போகும். "நாலாவது முயற்சியில் வந்துட்டேன்" என்று எழுதிவிட்டால் முடிந்தது.

நண்பர்களோடு சேர்ந்து ஆடும், படம் வரைந்து ஊகிக்கும் கேம்களில் வரும் அறை லிங்க் சூடாக இருக்கும்போது மட்டுமே பயன்படும். எல்லோரும் வெளியேறினால் அறையும் போய்விடும். நாளைக்கு ஆட இன்றே லிங்க் அனுப்பிப் பயனில்லை. அதைப் பொதுவில் போட்டால் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள். அம்புக்குறி விசைகளால் மட்டும் ஆடும் கேமைக் கைபேசிக்காரருக்கு அனுப்புவதும் வீண்.

சத்தம், வெளிச்சம், எந்த இடத்தில் இருந்து திறப்பார் என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வேகமாக மின்னும் காட்சி இருந்தால் கட்டாயம் எச்சரியுங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இன்று இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதி. எல்லா வீடியோவும் அதைப் பின்பற்றுவதில்லை.

அனுப்பிய பிறகு "பார்த்தியா, பார்த்தியா" என்று துரத்துவதை நான் விட்டுவிட்டேன். தங்கையும் பாடம் கற்றுக்கொண்டாள் போலிருக்கிறது. நேற்று அவளிடமிருந்து வந்தது இது: "அண்ணா, பாப்பா மேடையில பாடினது. 2:15-லேருந்து ஒரு நிமிஷம். ஹெட்போன் போட்டுக்கோ. கடைசியில மைக்கைப் பிடுங்குற இடத்தை விட்டுடாதே."

இதைவிட ஒழுங்காக ஒரு லிங்க்கை யாரும் அனுப்ப முடியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆசையாகத் தட்டினேன். "இந்த வீடியோ பிரைவேட்" என்று வந்தது.