சாதா சர்குலர் சா மெஷினுக்கு எந்த கைடு ரெயில் வாங்கலாம்

தனியா ட்ராக் சா (ரெயில் மேலயே ஓடுத ரம்ப மெஷின்) வாங்க பட்ஜெட் இல்ல, கையில இருக்க சர்குலர் சாவையே (வட்ட பிளேடு ரம்ப மெஷின்) ரெயில் மேல ஓட்டலாமான்னு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அலமாரி, கிச்சன் வேலை பண்ணுத தம்பிமாரு நிறைய கேக்காங்க. தாராளமா ஓட்டலாம். ஆனா ரெயிலோட நீளத்தையும் விலையையும் மட்டும் பாத்து வாங்காதீங்க, மெஷின் அந்த ரெயிலை எப்படி புடிக்குதுன்னு மொதல்ல பாருங்க, வெட்டு நேரா வருததும் கோணுததும் அதுலதான் இருக்கு.

விலை குறைஞ்சது கிளாம்ப் போட்டு இறுக்குத அலுமினிய சட்டம். மெஷினோட பேஸ் (அடித்தட்டு) அதுல உரசிட்டே போகும், கை லேசா வெளிய போச்சுன்னா மெஷினும் கூடவே போயிரும், அதோட பிளேடுக்கும் பேஸ் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் கழிச்சு வைக்கணும். அடுத்தது மெஷினை ஸ்லெட்ல (மெஷினை ஏத்தி வைக்குத தட்டு) மாட்டி ரெயில்ல ஓட்டுத வகை, கிரெக் கம்பெனியோட அக்யூ-கட் மாதிரி. இது வெளிய ஓடாது, ரெயில் ஓரத்தை கோட்டுல வச்சா வெட்டு அங்கதான் விழும், என் ஓட்டு இதுக்குதான். ஆனா அதோட சாதா செட் 50 இஞ்ச்தான், நாலடி குறுக்கு வெட்டுக்கு சரி, எட்டடி ஷீட்டை நீளவாக்குல கிழிக்க பத்தாது. மூணாவது ட்ராக் சா கம்பெனிங்களோட ரெயில்: ஃபெஸ்டூல், மகிட்டா ரெயில் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரும், டிவால்ட் ரெயில் வேற மாதிரி. இந்த ரெயில்ல சாதா மெஷினை ஓட்ட அடாப்டர் வேணும், உங்க மாடலுக்கு அது கிடைக்குமான்னு கேட்டுட்டு ரெயிலுக்கு காசு குடுங்க. 1400 மில்லி ரெயில் ரெண்டு சேத்தாதான் 2440 மில்லி ஷீட்டுக்கு ஆகும், சேக்கும்போது ஒரு நல்ல நேர்கோலை ஓரத்துல வச்சு பாத்துட்டு ஸ்க்ரூவை முறுக்குங்க.

ஸ்லெட்டோ அடாப்டரோ எதை வாங்கினாலும் மொத வேலை இதுதான்: பிளக்கை புடுங்கிட்டு ஸ்லெட்டை ரெயில்ல வச்சு பின்பக்கத்தை ஆட்டிப் பாருங்க, டக் டக்னு ஆட்டம் இருந்தா அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்குங்க, ஸ்க்ரூவே இல்லாத ஸ்லெட்னா வாங்காதீங்க. பெறவு பிளேடுல ஒரு பல்லுல மார்க் போட்டு, முன்னாடி நிக்கும்போது ரெயிலுக்கு எத்தனை மில்லி, அதே பல்லை சுத்தி பின்னாடி கொண்டுவந்தா எத்தனைன்னு அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். வித்தியாசம் இருந்தா மரம் கருகும், லேமினேட் ஓரம் பேரும்.

மோட்டார் ரெயில் பக்கமா இருக்க மெஷின்ல, ஆழம் கூட்டி வைக்கும்போது மோட்டார் கிளாம்புல இடிக்கும், அத கடையிலேயே வச்சு பாத்துருங்க. ரெயிலும் ஸ்லெட்டும் சேந்து வெட்டு ஆழத்தையும் கொஞ்சம் தின்னும், 18 மில்லி ப்ளைவுட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கனமான அயனி மரப் பலகைக்கு யோசிக்கணும்.

இப்போ காசு இல்லன்னா 6 மில்லி ப்ளைவுட் மேல நேரான பட்டை ஒட்டி, அதே மெஷினால ஓரத்தை ஒரு தடவ ஓட்டி எடுத்தா அருமையான கைடு கிடைக்கும். நம்ம ஊருல ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால ஓரத்துக்கு வார்னிஷ் அடிச்சு படுக்கப் போட்டு வைங்க, சுவத்துல சாச்சா வளைஞ்சிரும்.

வெட்டும்போது அடியில தெர்மாகோல் ஷீட் போட்டு, பிளேடு பலகைக்கு கீழ ஒரு 5 மில்லி வந்தா போதும். நடுவுல பலகை பிளேடை இறுக்கிப் புடிச்சா மெஷினை பின்னால இழுக்காதீங்க, ஸ்விட்சை விட்டுட்டு பிளேடு நிக்குற வர மெஷினை அப்படியே புடிச்சிருங்க.