பலெர்மோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மேசன் சொல்வது

எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறார்கள். திருகோணமலையிலிருந்து தாய் தகப்பனோ சகோதரமோ மூன்று மாத விசாவில் போய் நிற்பார்கள். விடிந்தால் வீட்டார் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள், வந்தவர் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பல்லாரோ சந்தைப் பக்கம் என் தங்கச்சி வீட்டில் நானும் முதல் இரண்டு கிழமை அப்படித்தான் இருந்தேன். சுவர் பார்ப்பது எனக்குப் புதிதில்லை, நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவன். ஆனால் பார்க்க வேண்டிய சுவர்கள் வேறு இடத்தில் இருந்தன. இந்த வருடம் போகிற இரண்டு பேர் அங்கே என்ன பார்க்கலாம் என்று வந்து விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை அங்கே அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் பூட்டு. அது தெரியாமல் வெயிலில் ஒரு மணித்தியாலம் நடந்து போய், கதவில் ‘கியூசோ’ என்று தொங்கிய மட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். கியூசோ என்றால் பூட்டு. வேறு இத்தாலியச் சொல் தெரியாவிட்டாலும் இதைப் பாடமாக்குங்கள். திங்களை நோர்மன் அரண்மனைக்கு வைத்துக்கொள்ளலாம். சிசிலியின் சட்டசபை இன்றைக்கும் அந்த அரண்மனைக்குள்தான் கூடுகிறது. செவ்வாய், புதன், வியாழன் சபைக்கு ஒதுக்கிய நாட்கள், அரச அறைகளைக் காட்ட மாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரச அருங்காட்சியகங்களுக்கு ரிக்கற் வேண்டாம், ஆனால் சனமும் அன்றைக்குத்தான். சின்னத் தேவாலயங்கள் மத்தியானம் பூட்டிவிடும். ஆகவே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கே வெளிக்கிடுங்கள். தோள் மூடின சட்டை, பழகின சப்பாத்து, தண்ணிப் போத்தல். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம், அந்தத் தெருக்கல் காலைத் தின்றுவிடும்.

ஒரு நாளைக்கு ஓரிடம். ஒரே நாளில் எல்லாம் ஓடிப் பார்த்தவர்களிடம் பின்னேரம் கேட்டால் படிகள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அரண்மனைக்குள் இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டுவித்து 1140இல் திருநிலைப்படுத்திய சிற்றாலயம் இருக்கிறது. சுவரெல்லாம் பொன் மினுங்கும் கண்ணாடிச் சில்லுப் படங்கள், எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நீங்கள் முகட்டைப் பாருங்கள். தேன்கூடு தேன்கூடாகத் தொங்குவதை நான் சுண்ணாம்பு வேலை என்று நினைத்தேன். மரம்! அரபு மரபில் வந்த கைகள் செய்த வேலை. போன் கமராவைப் பெருப்பித்துப் பார்த்தால் குடிக்கிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் மிருகங்களும் வண்ணத்தில் தெரிவார்கள். கீழே பூசை, மேலே கச்சேரி.

அடுத்தது சான் லொரென்சோ சிற்றாலயம். சின்ன மண்டபம்தான், தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனதும் நான் பேசாமல் நின்றுவிட்டேன். சுவர் நிறைய வெள்ளைக் குழந்தைகள் கும்மாளமடிக்கிறார்கள், அவ்வளவும் சாந்து. ஜாக்கோமோ செர்பொத்தா என்ற பலெர்மோக்காரரின் வேலை, 1700ஐ அண்டின காலம். உள்ளுக்கு மரமும் கம்பியும் கட்டி, சுண்ணாம்புச் சாந்தை அப்பி, கடைசிப் பூச்சில் சலவைக்கல் தூள் சேர்த்து இழைத்திருக்கிறார். அதனால்தான் சாந்து கல்லைப் போல மினுங்குகிறது. ஒரு குழந்தையின் கால்விரலை மட்டும் கால் மணித்தியாலம் பார்த்தேன். நகத்துக்குப் பக்கத்துச் சதை கொஞ்சம் பிதுங்கி இருக்கிறது. சாந்து இறுகுவதற்குள் அதைச் செய்ய வேண்டும், பிந்தினால் உடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். பீடத்துக்கு மேலே இருக்கும், கரவாஜ்ஜோ என்ற பெயர்போன இத்தாலிய ஓவியரின் படம் அசல் இல்லை. அசலை 1969 ஒக்டோபரில் களவெடுத்துவிட்டார்கள், இன்னும் அகப்படவில்லை. 2015இல்தான் அந்த இடத்தில் ஒரு பிரதியை வைத்தார்கள்.

இனி அபத்தெல்லிஸ் மாளிகை. ஒரு நாள்தான் உங்களுக்கு நேரம் என்றால் இங்கேயே போங்கள். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 1943இல் குண்டு விழுந்தது. பிறகு திருத்தி, கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக் கலைஞர் பொருட்களை ஒழுங்குபடுத்தி வைத்து 1954இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கீழே ‘சாவின் வெற்றி’ என்ற சுவரோவியம், ஆறு மீற்றருக்கு ஆறரை மீற்றர் வரும். எலும்புக் குதிரையில் சாவு ஏறி வந்து அம்பு விடுகிறது. ராசாவும் பாப்பரசரும் விழுந்து கிடக்கிறார்கள், வலது பக்கத்தில் சீமாட்டிகள் இன்னும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடது பக்கத்தில் ஏழைகளும் நோயாளிகளும் ‘எங்களைக் கொண்டு போ’ என்று கும்பிடுகிறார்கள், சாவு அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் தூரிகையோடு ஒருவன் எங்களையே பார்க்கிறான். ஓவியன் அவன்தான் என்கிறார்கள், பெயர் யாருக்கும் தெரியாது. நடுவில் சிலுவை போல ஒரு பொருத்துத் தெரிகிறதா? வேறொரு மாளிகைச் சுவரிலிருந்து நாலு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்தது. சாந்தோடு சேர்த்து ஓவியத்தை உரித்தெடுப்பது என்ன வேலை என்று யோசிக்கவே எனக்குக் கை கூசுகிறது. கீழே நின்று பார்த்த பிறகு மேல்மாடியிலிருந்தும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள், குதிரையின் விலா அங்கிருந்துதான் வடிவாகத் தெரியும்.

மேலே அந்தொனெல்லோ தா மெஸ்ஸினா என்ற ஓவியர் வரைந்த மரியாள் இருக்கிறாள். ஒரு கொப்பியை விரித்த அளவுப் படம், அவ்வளவுதான். நீல முக்காடு, முன்னுக்கு நீட்டின கை. சேதி சொல்ல வந்த தேவதூதனை வரையவே இல்லை. அவள் பார்க்கிற பக்கத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

சலினாஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு போக வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்துத் தொட்டியில் ஆமைகள் நீந்தும், அவர்களுக்கு அது போதும். பெரியவர்களுக்கு செலினுந்தே, இமெரா என்ற பழைய கிரேக்க ஊர்கள்: முதலாவதின் கோயில்களிலிருந்து வந்த சிற்பக் கற்களும், மற்றதன் கோயிலின் கல் சிங்க முகங்களும். அந்தக் காலத்தில் கூரையின் மழைத் தண்ணி அந்தச் சிங்க வாய்களால் கொட்டும், எங்கள் வீட்டுப் பீலி மாதிரி.

சீசா மாளிகை கொஞ்சம் தூரம். அங்கே 1149ஆம் ஆண்டு ஒரு மகன் தன் தாய் அன்னாவுக்கு வைத்த கல் இருக்கிறது, ஒரே சேதி நாலு எழுத்தில்: எபிரேயம், இலத்தீன், கிரேக்கம், அரபு. கொழும்பு அருங்காட்சியகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டின 1409ஆம் ஆண்டுக் காலி நகரக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே பிடிபடும்.

எந்தப் பக்கம் போனாலும் குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்தியைக் கடக்க வேண்டி வரும். அதற்கு ரிக்கற் இல்லை. நாலு மூலைக் கட்டடங்களிலும் நடுத்தட்டில் நாலு ஸ்பானிய அரசர்கள் நிற்கிறார்கள். அதில் ஒருவர் நான்காம் பிலிப்பு. 1640 வரை போர்த்துக்கலுக்கும் அவர்தான் ராசா. 1620களில் போர்த்துக்கேயப் பறங்கிகள் எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியது அவருடைய ஆட்சியில். கோட்டை வாசல் தூணில் மீன் வெட்டின கல்லைச் சின்ன வயதிலிருந்து தொட்டு வந்தவன் நான். தங்கச்சியின் மகளிடம் சொன்னேன். அவள் அந்தச் சந்தியால்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘மாமா, இவருக்கு மேலே எப்பவும் புறாதான் இருக்கும்’ என்றாள்.