சதுரத் துளை மெஷினில் மரத்தைப் பிடிக்கும்போது நடக்கும் தவறுகள்

கதவுச் சட்டமோ மேஜைக் காலோ, கழுந்து (இன்னொரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) போய் உட்காரும் சதுரத் துளையை மெஷினில் போடும்போது எல்லார் கவனமும் கைப்பிடியைக் கீழே இழுப்பதில்தான் இருக்கும். பலம் அங்கேதான் வேண்டியிருக்கிறது, அதனால் அது இயல்புதான். ஆனால் மரம் இடம் மாறுவது பெரும்பாலும் அப்போது இல்லை. இறங்கும் உளி, மரத்தை டேபிளோடு சேர்த்துத் தானே அமுக்கிக்கொள்ளும். அது மேலே ஏறும்போதுதான் மரமும் கூடவே கிளம்பிவிடுகிறது.

காரணம் அந்த உளியின் அமைப்பு. சுழல்வது நடுவில் உள்ள பிட் மட்டும்தான். அது வட்டமாகத் துளைத்துக்கொண்டு போக, அதைச் சுற்றியிருக்கும் சதுர உளி சுழலாமல், நாம் கொடுக்கும் அழுத்தத்தில் நான்கு மூலைகளையும் செதுக்கிக்கொண்டு இறங்கும். அப்படி இறங்கிய உளியின் நான்கு பக்கங்களையும் மரத்தின் நார்கள் கவ்விப் பிடிக்கின்றன. போதாததற்குச் சுருள் சுருளாக வரும் தூள் இடுக்கில் அடைத்துக்கொள்ளும், சூடும் ஏறும். 12 மி.மீ. உளியைக் கெட்டி மரத்தில் 40 மி.மீ. ஆழம் இறக்கிவிட்டு மேலே தூக்கிப் பாருங்கள், மரம் எவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்று கையே சொல்லும்.

இதற்காகத்தான் உளியின் இரு பக்கமும் கவை மாதிரி ஓர் இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்கள். ஹோல்ட் டவுன் என்பார்கள். மரத்தை நகர்த்த இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைத் தளர்த்தி மேலே ஏற்றி வைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். கவைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தேன். நாலு குத்து ஒழுங்காக வந்தது. ஐந்தாவதில் உளியோடு மரமும் எழும்பியது, கவையின் ஒரு பக்கத்தில் மட்டும் முட்டியது, சாய்ந்தது. ‘டக்’கென்று ஒரு சத்தம். மெஷினை நிறுத்திப் பார்த்தால் உளியின் ஒரு மூலை தெறித்துப் போயிருந்தது. மரம் மறுபடி கீழே விழுந்தபோது கோட்டிலிருந்தும் விலகியிருந்தது.

மரத்தைக் கையால் தள்ளி நகர்த்தும் சின்ன மெஷின் என்றால் கவை மரத்தை இறுக்கவும் கூடாது, விட்டு நிற்கவும் கூடாது. ஒரு தாளை நடுவே வைத்தால் லேசாக உரசிக்கொண்டு இழுபட வேண்டும், அதுதான் அளவு. கவையின் இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் மரத்தைத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று தொட்டு மற்றொன்று தொடாவிட்டால் மரம் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகத் தூக்கும். மெல்லிய சட்டங்களில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. கவை மரத்தின் மேல் உட்காராமல் ஃபென்ஸின் (மரத்தின் பின்பக்கம் ஒட்டி நிற்கும் நேரான தடுப்பின்) தலையில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பிடித்திருப்பது போலவே தெரியும். சட்டத்துக்கு அடியில் சமமான ஒரு பலகையை வைத்து ஃபென்ஸை விட உயரமாக்கிவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், எட்டுச் சட்டம் போடப் போகிறோம் என்றால் எட்டும் ஒரே உயரத்தில் இழைத்திருக்க வேண்டும். முதல் சட்டத்துக்குக் கவையை வைத்துவிட்டு, அரை மி.மீ. குறைவான சட்டத்தை அதே அமைப்பில் நுழைத்தால் அது அரை மி.மீ. எழும்பத்தான் செய்யும்.

கவையைச் சரியாக வைத்தாலும், கூர் மழுங்கிய உளியாக இருந்தால் பிடிப்புக்குச் சோதனைதான். மழுங்கிய உளிக்கு இறங்கவும் அதிக பலம் வேண்டும், ஏறவும் அதிக பலம் வேண்டும். உள்பக்கச் சரிவைத் தீட்டி, வெளிப்பக்க நான்கு முகங்களையும் சாணைக்கல்லில் மெதுவாக வழவழப்பாக்கினாலே பாதி இழுப்பு குறைந்துவிடும். பிட்டின் முனைக்கும் உளியின் முனைக்கும் நடுவே ஒரு நாணயத்தின் கனம் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறும், உளி நீலம் பாய்ந்து கூர் போய்விடும்.

அடுத்தது ஃபென்ஸை விட்டு மரம் முன்னால் நழுவுவது. இடது கையால் மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியை இழுப்பவர்கள் நிறையப் பேர். முதல் பத்துக் குத்துக்குக் கை தாங்கும். பதினைந்தாவதில் கை சலிக்கும், துளையின் ஒரு சுவர் கொஞ்சம் விலகும். அந்த விலகல் அப்போது கண்ணில் படாது. கழுந்தை மாட்டும்போது ஒரு இடத்தில் இறுக்கமும் ஒரு இடத்தில் ஆட்டமுமாகத் தெரியவரும். கையை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஃபென்ஸுக்கு இணையாக, மரத்தின் முன்பக்கத்தில் நேரான ஒரு கட்டையை டேபிளோடு கிளாம்ப் போட்டு நிறுத்தினால் மரம் இரண்டு சுவருக்கு நடுவே வாய்க்காலில் போவது போல நகரும். இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு ஜோடி ஆப்பு போதும். மரத்தைக் கிளாம்ப் செய்து, சக்கரத்தைச் சுற்றி டேபிளையே நகர்த்தும் பெரிய மெஷினாக இருந்தால், கிளாம்பின் வாய் மரத்தை எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். ஃபென்ஸின் உயரத்துக்கும் மேலே அழுத்தினால் மரத்தின் தலை பின்னால் சாயும், துளையும் சாய்ந்தே விழும்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று, ஆனால் நிறைய வேலையைக் கெடுப்பது. மரத்துக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு தூள் சிக்கினாலும் துளை அந்தக் கனத்துக்கு வெளியே தள்ளிப் போகும். ஒவ்வொரு சட்டத்தையும் வைக்கும் முன் மெஷினை நிறுத்தி, ஃபென்ஸையும் டேபிளையும் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் விரலால் தூளைத் தள்ளுவது வேண்டவே வேண்டாம். கையுறையும் வேண்டாம், பிட் அதைப் பற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுக்கும்.

எந்த முகம் ஃபென்ஸைத் தொட வேண்டும் என்பதை முன்னாலேயே பென்சிலால் குறித்துவிட வேண்டும். மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துச் சரிபார்த்த முகம் எதுவோ அதுவே எல்லாச் சட்டத்திலும் ஃபென்ஸில் படட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகக் குடையும் ஊடு துளையில் இது இன்னும் முக்கியம். புரட்டிப் போடும்போது முகம் மாறிவிட்டால் நடுவில் இரண்டு துளையும் படிபோலச் சந்திக்கும். ஒரே பக்கத்திலிருந்து ஊடுருவக் குடைவதாக இருந்தால் அடியில் ஒரு வீண் பலகை வையுங்கள், வெளிவரும் பக்கம் பிய்ந்து போகாது.

வளைந்த மரத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், பிடிக்காதீர்கள். முதலில் இழைத்து நேராக்குங்கள். அழுத்தும்போது நேராகி, விட்டவுடன் வளையும் மரத்தில் போட்ட துளை எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீளச் சட்டத்தின் வால் அந்தரத்தில் தொங்கினால் அதன் எடையே உளிக்கு அடியில் இருக்கும் பகுதியைத் தூக்கிவிடும். டேபிளின் மட்டத்துக்கே ஒரு தாங்கலை நிறுத்துங்கள், மட்டம் சரியா என்று நீளமான நேர்ப்பட்டையை வைத்துப் பாருங்கள். துண்டு மரத்தில் இதற்கு நேர்மாறு. பிடிக்க இடமே இருக்காது. அதனால் நீளமாக இருக்கும்போதே துளை போட்டுவிட்டுப் பிறகு அளவுக்கு அறுப்பதுதான் முறை. சட்டத்தின் முனைக்கு அருகே துளை வரும்போதும் ஓர் அங்குலம் கூடுதல் நீளம் விட்டு வைத்தால் முனை பிளக்காது, கடைசியில் அறுத்துக்கொள்ளலாம். மேஜைக் காலைச் சரிவாக இழைப்பதும் உருண்டையாக உருட்டுவதும் துளை போட்ட பிறகுதான். ஏற்கெனவே உருட்டியாகிவிட்டது என்றால் ‘வி’ வடிவில் வெட்டிய கட்டையில் படுக்க வைத்து, அது உருளாதபடி கட்டிப் பிடிக்க வேண்டும்.

டிரில்லிங் மெஷினில் இணைப்பு மாட்டி இதே வேலையைச் செய்பவர்கள் டேபிளையும் கவனிக்க வேண்டும். சதுர உளிக்குக் கொடுக்கும் அழுத்தம் சாதாரணத் துளைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. அந்த அழுத்தத்தில் டேபிளின் முன்விளிம்பு கீழே தாழும், மரத்தை எவ்வளவு இறுக்கினாலும் துளை சாயும். டேபிளுக்கும் மெஷினின் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் தீர்ந்தது.

குத்துகளின் வரிசையும் பிடிப்போடு சேர்ந்ததே. ஒன்றை ஒட்டி ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் உளிக்கு ஒரு பக்கம் மரம், மறுபக்கம் காலி. உளி காலியான பக்கம் சாய்ந்து மரத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளப் பார்க்கும். முதலில் இரண்டு முனைக் குத்து, பிறகு உளியின் அகலத்தைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளி விட்டு நடுக் குத்துகள், கடைசியில் மிஞ்சிய தடுப்புகளை எடுப்பது என்று போனால் ஒவ்வொரு முறையும் உளியின் இரு பக்கமும் சமமாக இருக்கும். ஆழத்தையும் ஒரே மூச்சில் எட்ட வேண்டாம். 10 மி.மீ. இறங்கி, ஏற்றித் தூளை வெளியேற்றி, மறுபடி இறங்குங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கவையின் இரண்டு விரல்களையும் ஒரு கணம் பாருங்கள். மரம் அவற்றை நோக்கி ஒரு மயிரிழை எழும்பினாலும் அங்கேயே நிறுத்தி, கவையை மறுபடி இறக்கி வைத்த பிறகே அடுத்த குத்து.